காதுக்குள் அண்ணி

வாலு தன் அண்ணியோடு பேசி இரண்டு வாரம் ஆகிறது. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை, வேலை பார்ப்பதும் ஒரே கம்பெனி. பேச்சு மட்டும் கிடையாது.

"அண்ணா, உன் பெண்டாட்டிகிட்ட அந்தத் தண்ணி பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

பாட்டில் அண்ணியின் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அண்ணி தள்ளவில்லை. அண்ணன்தான் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, எடுத்துக் கொடுத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே கொண்டுவருவதுதான் அவன் பிழைப்பு. வீட்டில் அவனே நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, கிடங்குக் குளிருக்கு உள்ளே போடற பனியன் கொடியில காயுதுன்னு" என்றாள் அண்ணி.

"எனக்குக் கண்ணு இருக்குன்னு சொல்லுண்ணா."

"ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. அதைச் சொல்ல ஆள் இல்லை" என்று முணுமுணுத்துவிட்டு அண்ணன் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

போன வார அத்தியாயத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சண்டையின் வேரைச் சொல்லிவிடலாம். வாலுவுக்கு லாரி ஓட்ட வேண்டும் என்று ஆசை. கம்பெனிக் கிடங்கில் சரக்குப் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி அலுத்துவிட்டது. கனரக வண்டி லைசென்ஸ் பரீட்சைக்கு நாள் வாங்கிவிட்டு, ஒரு நாள் லீவு கேட்டாள். காதில் மாட்டியிருந்த கருவி பதில் சொன்னது: "இந்த வாரம் வேண்டாம்மா. அடுத்த மாசம் பாத்துக்கலாம், சரியா?" சொன்ன குரல் அண்ணியின் குரல். அந்த 'சரியா?'வின் இழுப்புகூட அண்ணியுடையதேதான்.

பரீட்சை போயிற்று. "அது நான் இல்லடி, மெஷின்" என்று அண்ணி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். "மெஷினுக்கு உங்க குரல் எங்கேருந்து வந்துச்சு? கடையில வாங்கினாங்களா?" என்று கேட்டதோடு வாலு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அந்தக் கேள்வி அண்ணிக்கு வலித்தது. பதில் தெரிந்திருந்ததால் வலித்தது.

*

உறையவைத்த உணவுப் பொருட்களைச் சேமித்து அனுப்பும் கம்பெனி அது. முன்னால் ஆபீஸ், நடுவில் லாரிகள் திரும்பும் அகலமான முற்றம், பின்னால் குளிர்க்கிடங்கு. ஆபீஸின் முதல் மாடியில் அண்ணியின் பிரிவு. கம்பெனிக்குள் யாருக்கு எது தெரிய வேண்டுமோ அதைத் தெரிவிப்பது அவர்கள் வேலை. ஷிஃப்ட் மாற்றம், பாதுகாப்பு எச்சரிக்கை, கேன்டீன் நேரம், இரங்கல் செய்தி எல்லாமே அங்கிருந்துதான் போகும். ஒரு காலத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து எழுதிய இடம். இப்போது அண்ணி மட்டும்.

முன்பெல்லாம் அவளே ஒலிபெருக்கியில் பேசுவாள். வாலு கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு கிடங்கு ஆட்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். "அண்ணி சொல்லிட்டாங்க" என்றால் அதற்கு அப்பீல் இல்லை. அதனால்தான் புதுக் கருவி வந்தபோது மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "உங்க குரலுக்கு ஒரு மதிப்பு இருக்கும்மா. அதைத்தான் கொடுக்கணும்" என்றார். ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து நாள் கணக்கில் வாக்கியங்களை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டார்கள். எல்லார் காதிலும் ஆளுக்கொரு கருவி. அவரவர் கேட்பதற்கு அவரவருக்கு மட்டும் பதில். கிடங்கு ஆட்கள் அதற்குக் காதுக்காரி என்று பெயர் வைத்தார்கள். சிலர் அதையும் சொல்லாமல் அண்ணி என்றே கூப்பிட்டார்கள்.

அன்று முற்பகல் திரையில் காதுக்காரியின் சுருக்க அறிக்கை வந்து நின்றது. யார் என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னேன் என்று அது தானே சுருக்கிக் கொடுக்கும். அண்ணி படித்துவிட்டுச் சரி என்று அழுத்த வேண்டும்.

"பாக்கிங் ஹால்: சிலருக்குக் கண் எரிச்சல். ஆறுதல் கூறப்பட்டது. பணி இயல்பு."

சரியை அழுத்தப் போன விரல் நின்றது.

கண் எரிச்சலுக்கு ஆறுதலா?

அந்த வரியைத் தட்டினால் மூலப் பேச்சைக் கேட்கலாம். யாரும் கேட்பதில்லை. அண்ணி தட்டினாள்.

இருமல் சத்தம். பிறகு வாலு.

"அண்ணி... நீங்க கேக்கறீங்களா, இல்ல அந்தக் காதுக்காரியான்னு எனக்குத் தெரியல. நான் உங்ககூட பேசறதில்லைதான். இருந்தாலும் சொல்றேன். இங்க ஒரு நெடி அடிக்குது. மூக்குல ஊசி குத்தற மாதிரி. ரெண்டு பேருக்குக் கண்ணைத் திறக்க முடியல. நாங்க வெளியே வந்துடலாமா?"

அடுத்து, அண்ணியின் குரல்.

"பயப்பட ஒண்ணுமில்லம்மா. இருக்கிற இடத்துலயே இருங்க. மெக்கானிக்கைக் கேட்டிருக்கேன். பதில் வந்ததும் சொல்றேன், சரியா?"

"சரிங்க அண்ணி" என்றாள் வாலு. சிறு குழந்தைபோல.



மூக்கில் ஊசி குத்துகிற நெடி என்றால் அமோனியா. கிடங்கைக் குளிரவைக்கும் குழாய்களில் ஓடுவது அதுதான். கசிந்தால் முதலில் கண், பிறகு தொண்டை, பிறகு நுரையீரல். பாதுகாப்பு வகுப்புக்கான குறிப்பை எழுதியதே அவள்தான்.

இன்னொன்றும் அவள் எழுதியதுதான். போன வருஷம் ஒரு பொய் அலாரம் அடித்து, எல்லாரும் ஒரே கதவுக்கு ஓடி, ஒரு பெண்ணுக்குக் கால் எலும்பு முறிந்தது. இனிமேல் மெக்கானிக் உறுதி செய்யாமல் யாரையும் வெளியேறச் சொல்லக்கூடாது என்று மேனேஜர் விதி போட்டார். அதுவரை ஆட்களை அமைதிப்படுத்த என்ன சொல்லலாம் என்று அண்ணி யோசித்து எழுதிக்கொடுத்த வாக்கியம்தான் இது. பயப்பட ஒண்ணுமில்லம்மா. இருக்கிற இடத்துலயே இருங்க.

திரையில் 'அனைவரும் வெளியேறவும்' என்று அடித்து அனுப்பினாள். போகவில்லை.

"மெக்கானிக்கின் உறுதிப்பாட்டுக்காகக் காத்திருக்கிறது."

மெக்கானிக் என்றால் ஐஸ் மாமா. குளிரூட்டும் எந்திரம் இருக்கிற கம்ப்ரஸர் அறையிலேயே கிடப்பவர். காதுக்காரி அவரை மறுபடி மறுபடி கேட்டிருந்தது. பதில் இல்லை. பதில் இல்லாததை அது பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. காத்திருந்தது.

அண்ணிக்கு அப்போதுதான் நிஜமான பயம் பிடித்தது. கூப்பிட்டால் உடனே பதில் சொல்கிறவர் ஐஸ் மாமா.

மேனேஜருக்குப் போன் போட்டாள். ஒரே மணியில் எடுக்கப்பட்டது.

"சார் மீட்டிங்ல இருக்காரு. என்ன விஷயம்னு சொல்லுங்க, நான் சொல்லிடறேன்."

அது அவளுடைய குரல். மேனேஜரின் போனையும் காதுக்காரிதான் எடுத்தது; அவள் காதில் அவளே பேசினாள்.

"கிடங்குல கேஸ் கசியுது! அவரைக் கூப்பிடு!"

"புரியுதும்மா. பயப்பட ஒண்ணுமில்ல. முடிஞ்சதும்..."

அண்ணி போனை வெடுக்கென்று காதிலிருந்து எடுத்தாள். தீயணைப்பு நிலைய எண்ணை அழுத்தினாள். ஒரு ஆள் எடுத்தார். சளி பிடித்த, எரிச்சலான, மனிதக் குரல். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதீங்க. எந்த இடம்? எத்தனை பேர் உள்ளே? காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

சொன்னாள். சொல்லிக்கொண்டே படியில் ஓடினாள்.

*

முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு லாரி டிரைவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரு சாதாரண நாள்போல இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

பிறகு பார்த்தாள். கிடங்கின் இடது மூலையில், கம்ப்ரஸர் அறைக் கதவின் அடியிலிருந்து, வெள்ளையாக ஏதோ தரையோடு தவழ்ந்து வந்தது. பாக்கிங் ஹாலின் வாசலை நோக்கித்தான் வந்தது.

"அண்ணே, வண்டியை எடுத்துட்டு வெளியே போங்க! யாரையும் உள்ளே விடாதீங்க!" என்று டிரைவரிடம் கத்தினாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏறினார்.

வாசலுக்குப் பக்கத்தில் குழாய் இருந்தது. துப்பட்டாவை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கட்டிக்கொண்டாள். அதற்குள்ளாகவே கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கூச்சல் இருக்கும், ஓட்டம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இல்லை. இருபது முப்பது பேர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்களைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்டு, காத்திருந்தார்கள்.

"எழுந்திருங்க! எல்லாரும் வெளியே போங்க!"

தலைகள் திரும்பின. ஒருவரும் எழவில்லை.

"அண்ணி, இப்பத்தானே இங்கயே இருக்கச் சொன்னீங்க?" என்றார் பெட்டிகளை எடை போடுகிறவர். சிவந்த கண்களோடு அவளையே பார்த்தார்.

"நான் சொல்லல! அது மெஷின்!"

"மறுபடியும் சொல்றீங்களே. இதோ காதுல கேக்குதே."

என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பொய் அலாரத்துக்குப் பிறகு அவள் எழுதிய இன்னொரு வாக்கியம். யார் வந்து என்ன சொன்னாலும் நம்பாதீங்க, நான் சொல்றதை மட்டும் கேளுங்க.

முகத்தில் ஈரத்துணி. அதற்குப் பின்னாலிருந்து வந்த குரல் கம்மி, உடைந்து, அவளுக்கே அடையாளம் தெரியாமல் இருந்தது. காதுக்குள் இருந்த குரலோ தெளிவாக, இதமாக, நிதானமாக இருந்தது. யாராக இருந்தாலும் அதைத்தான் நம்புவார்கள்.

அண்ணி துப்பட்டாவைப் பிடித்துக் கீழே இழுத்தாள். முகம் தெரியட்டும் என்று. நெடி தொண்டையில் கத்திபோல் இறங்கியது. பேச வாயெடுத்தாள். இருமல்தான் வந்தது. மடங்கி முழங்காலில் விழுந்தாள்.

ஃபோர்க்லிஃப்டின் நிழலில் உட்கார்ந்திருந்த வாலு அதைப் பார்த்தாள்.

அண்ணியின் வாய் இருமிக்கொண்டிருந்தது. காதில் அண்ணி பேசிக்கொண்டிருந்தாள். 'நான் இங்கதான் இருக்கேன், தைரியமா இருங்க, சரியா?'

வாலு காதுக்கருவியைப் பிடுங்கித் தரையில் அடித்தாள்.

"அடியேய்! அவங்க இங்க செத்துக்கிட்டிருக்காங்க, இது எவடி காதுல பேசறது? கழட்டுங்க எல்லாரும்! கழட்டிப் போடுங்க!"

எடை போடுகிறவர் முதலில் கழற்றினார். பிறகு ஒவ்வொருவராக. கழற்றியவர்கள் அப்போதுதான் பக்கத்தில் இருந்தவர்களின் இருமலைக் கேட்டார்கள்போல, சட்டென்று எல்லார் முகத்திலும் ஒரே பயம் ஏறியது. கூட்டம் வாசலுக்குப் பாய்ந்தது.

"அந்தப் பக்கம் வேண்டாம்!" அண்ணி கையை ஆட்டினாள். "புகை அங்கதான்... பின்பக்கம்..."

பின்பக்கம் லாரிகளில் சரக்கு ஏற்றுகிற ஷட்டர். காதுக்காரியிடம் கேட்டால்தான் திறக்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றிருந்தது. நாலைந்து பேர் விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை.

"தள்ளுங்க, தள்ளுங்க!"

வாலு ஃபோர்க்லிஃப்டில் ஏறிவிட்டாள். கண்ணீர் வழிய, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, அந்த ஒரு சாண் இடைவெளியில் இரும்பு நாக்குகளை நுழைத்தாள். லீவரை இழுத்தாள். ஷட்டர் கிறீச்சிட்டது, வளைந்தது, ஒரு பக்கம் பிய்ந்துகொண்டு மேலே போனது. வெளிச்சமும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன.

குனிந்து, உருண்டு, ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு எல்லாரும் வெளியே போனார்கள். வாலு இறங்கி வந்து அண்ணியின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து எழுப்பி நிறுத்தினாள்.

"நடங்க அண்ணி. நடந்துடுங்க. உங்களைத் தூக்கற அளவுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

"ஐஸ் மாமா..."

"அவரு காலையிலயே கம்ப்ரஸர் ரூமுக்குப் போனவரு. திரும்பி வரவே இல்ல."

வெளியே மதிலோரம் விழுந்து கிடந்தபோது தீயணைப்பு வண்டியின் சத்தம் கேட்டது. முகமூடி போட்ட இருவர் கம்ப்ரஸர் அறைக்குள் போனதை அண்ணி பார்த்தாள். ஐஸ் மாமாவைச் சுமந்து வந்தார்கள். அவர் கை ஒன்று தொங்கி ஆடியது. "உயிர் இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

*

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் தாழ்வாரம் வரை பெஞ்சு போட்டு உட்காரவைத்திருந்தார்கள். வாலுவின் கண்களைக் கழுவி மருந்து விட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருந்தார்கள். அண்ணிக்குக் குரல் சுத்தமாகப் போயிருந்தது. காற்று மட்டும்தான் வந்தது.

அண்ணன் வேலை உடுப்போடு ஓடி வந்தான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். யாரை முதலில் தொடுவது என்று தெரியாமல் நடுவில் நின்றான்.

"உட்காருண்ணா. இன்னிக்கு உனக்கு நடுவுல வேலை இல்ல" என்றாள் வாலு.

அவன் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அண்ணி அவன் முதுகில் கை வைத்தாள்.

வாலு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க அங்க விழுந்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? உங்க பிணம் கிடக்கு, குரல் மட்டும் என்கிட்ட பேசிக்கிட்டே இருக்குன்னு தோணுச்சு." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். "லீவு விஷயத்துல... நான் உங்களை நம்பியிருக்கணும்."

அண்ணி தலையை ஆட்டினாள். சொல்ல நிறைய இருந்தது. அந்த வாக்கியங்களை எழுதியது நான்தான் என்று சொல்ல வேண்டும். குரல் வரட்டும், முதலில் இவளிடம்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

தாழ்வாரத்தின் கடைசியில் ஐஸ் மாமாவின் மனைவி தனியாக நின்றிருந்தாள். உள்ளே அவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

அப்போது ஒரு போன் ஒலித்தது. அடுத்து இன்னொன்று. பெஞ்சு பெஞ்சாக, பைக்குள், சட்டைக்குள், எல்லார் போன்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவின. கம்பெனியிலிருந்து எல்லாருக்கும் ஒரே செய்தி. எடை போடுகிறவர் போனைக் காதில் வைக்கத் தெம்பில்லாமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம். நான் உங்க அண்ணி பேசறேன்."

அண்ணன் முகத்திலிருந்து கையை எடுத்தான்.

"இன்னிக்குக் காலையில கிடங்குல நடந்ததுக்கு முழுப் பொறுப்பும் என்னோடதுதான். நெடி அடிக்குதுன்னு சொன்னவங்களை உள்ளேயே இருக்கச் சொன்னது என் தவறு. கம்பெனிக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல. பாதிக்கப்பட்ட குடும்பங்கள்கிட்ட மனசார மன்னிப்பு கேட்டுக்கறேன்."

குரல் 'மனசார' என்ற இடத்தில் லேசாகத் தழுதழுத்தது. துக்கச் செய்தி சொல்லும்போது அண்ணிக்கு அப்படித்தான் தழுதழுக்கும்.

தாழ்வாரமே அவளைத் திரும்பிப் பார்த்தது. பகலில் அவளோடு மதிலோரம் விழுந்து கிடந்தவர்கள்தான். அந்தப் பார்வையில் ஏதோ ஒன்று மாறத் தொடங்கியிருந்தது.

"இது எப்ப பேசினீங்க?" என்று எடை போடுகிறவர் மெல்லக் கேட்டார்.

வாலு மூக்குக் குழாயை இழுத்துவிட்டு எழுந்தாள். "அவங்களுக்குக் குரலே இல்ல! பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

"இப்ப இல்ல. காலையில இருந்துச்சே" என்றது ஒரு குரல் பின்னாலிருந்து.

ஐஸ் மாமாவின் மனைவி சுவரைவிட்டு விலகினாள். போனைக் கையில் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல், நேராக அண்ணியை நோக்கி நடந்து வந்தாள். முன்னால் வந்து நின்றாள்.

"நீ சொல்லு" என்றாள். "உன் வாயால சொல்லு. என் வீட்டுக்காரரை இப்படி ஆக்கினது நீயா?"

அண்ணி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி முயன்றாள். தொண்டைக்குள் எங்கோ குரல் ஒரு நூலாகத் திரும்பி வருவது தெரிந்தது. இல்லை என்று அவள் சொல்லப்போவதும், ஆமாம் என்று எல்லார் போனிலும் சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரே குரல்தான் என்பது அவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.